கை மட்டும் வர வேண்டாம்

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பெரிய சொட்டு ஒன்றும் இல்லை. நாலு விநாடிக்கு ஒரு தரம், 'டொக்'. வேறு யாராக இருந்தாலும் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு தூங்கியிருப்பார்கள். அதுவும் பதினோரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த மனிதர் என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் படுத்திருந்தவர் ஸ்பேனர்.

முப்பத்து நாலு வருடம் ஒரு நூல் மில்லில் பராமரிப்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மில்லில் வைத்த பட்டப்பெயர் வீதிவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டதில், சொந்தப் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பாக்கி இருந்தது. ஓய்வு அவருக்குத்தான் கொடுத்தார்கள். அவருடைய கைக்குக் கொடுக்கவில்லை. எங்காவது ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் கண்ணுக்கு முந்திக் கைக்குத் தெரிந்துவிடும்.

டொக்.

"வாஷர் போச்சு," என்று இருட்டைப் பார்த்து முணுமுணுத்தார்.

பக்கத்தில் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டியது என்னவோ அவர்; களைத்துத் தூங்கியது அவள். வீட்டில் பல்லி சத்தம் போட்டாலே எழுந்து உட்காருகிறவள், இன்று அடித்துப்போட்ட மாதிரி கிடந்தாள்.

தொடக்கூடாது என்று ஸ்பேனர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொட்டால் பேத்தி இல்லை.

விஷயம் இதுதான். போன வருடம் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, சம்பந்தியின் துணி துவைக்கும் மெஷின் லேசாக விசில் அடித்தது. அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து ஸ்பேனர் அதைக் கழற்றினார். மெஷினைச் சரிசெய்யக் குழாயைக் கழற்றினார். குழாயைச் சரிசெய்ய மோட்டாரைக் கழற்றினார். சாயங்காலம் வீடு முழுக்கத் தண்ணீர். அடுத்த இரண்டு நாள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சம்பந்தியம்மாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குளிக்கப் போனதைத் தெருவே நின்று பார்த்தது. விசில் மட்டும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பேத்தி பிறந்தாள். பிரசவத்துக்கு மனைவி மட்டும் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். ஸ்பேனருக்குப் போனில் ஒரு படம் வந்தது. படத்தில் குழந்தை விரல்களை இறுக்கி மூடியிருந்தது. "எதையோ பிடிச்சுத் திருகற மாதிரி இல்ல?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். யாரும் இல்லாதபோது தனியாகவும் எடுத்துப் பார்த்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துத்தான் மகள் மனம் இரங்கிக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க வாங்க. உங்க கை மட்டும் வர வேணாம்."

"கையில்லாம குழந்தையை எப்படிம்மா தூக்கறது?"

"குழந்தையைத் தூக்க மட்டும் கை. வேற எதையாவது தொட்டீங்க, அன்னிக்கே வண்டி ஏத்தி அனுப்பிடுவேன். அத்தை இன்னும் அந்த ரெண்டு நாளை மறக்கலை. அம்மா, இவருக்கு நீதான் ஜாமீன்."

மனைவி ஜாமீன் ஏற்றாள். புறப்படும் காலையில் அவருடைய பையைக் கட்டிலில் கொட்டிச் சோதனை போட்டாள். துண்டுக்குள் சுருட்டி வைத்த சின்ன ஸ்பேனர், மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒளிந்திருந்த திருப்புளி, ஷேவிங் டப்பாவில் குறடு என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

"இதெல்லாம் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்," என்று சாவியை ஆட்டிக் காட்டினாள். "வழியில எது ஒழுகினாலும், எது ஆடினாலும், உங்க கண்ணுல படக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம்."

"வெறும் சத்தியம் இல்ல. தொட்டா நேரா வண்டியைத் திருப்பிடணும். சொல்லுங்க."

"திருப்பிடணும்," என்றார் ஸ்பேனர்.

ஒரே மூச்சில் ஓட்டக்கூடிய தூரம் இல்லை. நடுவில் ஓர் இரவு தங்குவதற்கு நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் மனைவிதான் போன வாரமே போன் பண்ணி அறை சொல்லி வைத்திருந்தாள். ஒரே வரிசையில் பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டி நிறுத்தக் கோடு போட்டிருந்தது. பாதிக் கோடுகளில் வண்டியே இல்லை. இவர்கள் போய் நின்றபோது, வரவேற்பு மேசையில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த பெண், பலகையில் தொங்கிய சாவிகளையெல்லாம் தாண்டிக் கையை நீட்டி ஏழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தாள்.

"வாசல் பக்கமா ஏதாவது குடுங்களேன். காலியாத்தானே இருக்கு?" என்றார் ஸ்பேனர்.

"ஏழுதான் சார் உங்களுக்கு," என்றாள் அவள்.

"எதுவா இருந்தா என்ன? படுத்து எழுந்தா விடிஞ்சிடப்போகுது," என்றாள் மனைவி.

படுத்தாயிற்று. விடிவதாகத்தான் தெரியவில்லை.

டொக்.

ஸ்பேனர் எழுந்தார். வெறும் கையால் இறுக்கினால் அது ரிப்பேர் கணக்கில் வராது என்று தனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தார். பூனை மாதிரி நடந்து குளியலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைப் போட்டார். பழைய குழாய். கைப்பிடி பல் விழப்போகிற மாதிரி ஆடியது. வலப்பக்கம் ஒரு திருகு. சொட்டு கொஞ்சம் தயங்கிற்று. இன்னும் ஒரு திருகு.

கைப்பிடி தண்டோடு கையில் வந்துவிட்டது.

தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நேராகக் கூரைக்குப் போய், அங்கிருந்து பிரிந்து நாலு சுவரிலும் இறங்கியது. ஸ்பேனர் உள்ளங்கையால் ஓட்டையை அழுத்தினார். தண்ணீர் விரல் இடுக்கு வழியாக மூக்கில் அடித்தது. தொட்டிக்குக் கீழே ஒரு வால்வு இருந்தது. கால் கட்டைவிரலால் அதைத் திருகிப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது.

கட்டித் தடுக்க ஏதாவது துணி வேண்டும். கையை எடுத்துவிட்டு அறைக்குள் ஓடினார். கைக்கு முதலில் அகப்பட்டது மேசைமேல் இருந்த மனைவியின் மருந்துப் பை. கட்டுத்துணி இருக்கும் என்று கையை விட்டுத் துழாவினார். தைலம் வந்தது, மாத்திரை அட்டை வந்தது, அடியில் கனமாக என்னவோ துணியில் சுற்றி இருந்தது.

பிரித்தார். சின்ன ஸ்பேனர், திருப்புளி, குறடு. கூடவே குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் ஒரு சுருள்.

பீரோவில் பூட்டியதாகச் சொன்னாளே! அவசரத்தில் மறந்து பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது. டேப்பை எடுத்து வைத்ததாக அவருக்கே ஞாபகம் இல்லை. வயசாகிவிட்டது, யாருக்குத்தான் எது ஞாபகம் இருக்கிறது? முப்பது வருட மணவாழ்க்கையில் முதல் முறையாக மனைவியின் மறதிக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

ஸ்பேனரை வைத்துத் திருகிய இரண்டாவது நிமிடம் வால்வு மூடிக்கொண்டது. தண்ணீர் நின்றது. சொட்டச் சொட்ட நின்று அறைப் பக்கம் காதை வைத்தார். மனைவியின் மூச்சு அதே சீராக வந்துகொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

குழாயைப் பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான். வாஷர் நைந்து போயிருந்தது. புது வாஷருக்கு இந்நேரம் எங்கே போவது? குனிந்து காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு. மில்லில் எத்தனையோ இரவு வேலையைக் காப்பாற்றியது செருப்பு ரப்பர்தான். மருந்துப் பையில் இருந்த கத்தரிக்கோலால் குதிகால் பக்கம் ஒரு வட்டம் வெட்டி எடுத்தார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. டேப்பைச் சுற்றி, தண்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது அறைக்கதவை யாரோ தட்டினார்கள்.

ஓடிப்போய்த் திறந்தார். இடுப்பில் துண்டும், தலை முழுக்க வெள்ளை நுரையுமாக ஒருவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

"சார், உங்க ரூம்ல தண்ணி வருதா? பாதிக் குளியல்ல நின்னுபோச்சு."

"மெதுவா, மெதுவா," என்று ஸ்பேனர் அவர் கையைப் பிடித்தார். "வீட்டுல தூங்கறாங்க."

பக்கத்து எட்டாம் நம்பர் அறைக்காரர். சோப்புக் கம்பெனி விற்பனையாளர். சொந்தக் கம்பெனிச் சரக்கு என்பதால் தாராளமாகத் தேய்த்திருந்தார். இரண்டு அறைக்கும் அந்த ஒரே வால்வுதான் என்பது ஸ்பேனருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அஞ்சே நிமிஷம். சுவரைப் பிடிச்சுட்டு நேராப் போயிடுங்க, வந்துடும்."

"கண்ணு எரியுது சார்!"

"ஊதிக்குங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

குழாயை மாட்டி வால்வைத் திறந்தார். சொட்டு இல்லை. ஒரு நிமிடம் அந்த அமைதியைக் காதால் ருசித்தார். பக்கத்து அறையில், "வந்துடுச்சு!" என்று ஓர் ஆனந்தக் குரல் கேட்டது.

அமைதி அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். இத்தனை காலம் பாதி மூடிக் கிடந்த வால்வை இவர் முழுசாகத் திறந்துவிட்டதில், தண்ணீர் புது வேகத்தோடு கழிப்பறைத் தொட்டிக்குள் பாய்ந்தது. உள்ளே மிதக்கிற உருண்டை இந்த மரியாதையை எதிர்பார்க்கவில்லை. அதன் கம்பி முறிந்தது. தொட்டி பொங்கித் தரையில் வழிய ஆரம்பித்தது.

ஸ்பேனர் அலமாரியிலிருந்து ஒரு சட்டை மாட்டும் கம்பியை எடுத்து, குறடால் வளைத்து, உருண்டையைக் கட்டினார். அலமாரிக் கதவு கீல் கழன்று தோளில் சாய்ந்தது. அதையும் முடுக்கினார். தரைத் தண்ணீரை விடுதிக்காரர்களின் இரண்டு துண்டால் ஒற்றிப் பிழிந்தார். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. மணி ஒன்றரை.

போதும். இனி ஆகாயமே இடிந்து விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை. அறையை ஒரு பார்வை பார்த்தார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. முப்பத்து நாலு வருட அனுபவசாலி, தூக்கக் கலக்கத்தில், கூரையிலிருந்து சுவர் வழியாக அத்தனை தண்ணீரும் இறங்கிய இடம் எது என்று யோசிக்காமல் குளியலறை விளக்கை அணைத்தார்.

'டப்' என்றது. குளியலறை விளக்கோடு வாசல் விளக்கும் போயிற்று. எட்டாம் நம்பர் போயிற்று, ஒன்பது போயிற்று. பன்னிரண்டு அறையும், வெளியே எரிந்துகொண்டிருந்த விடுதிப் பெயர்ப்பலகையும் மொத்தமாக இருண்டன.

"இப்ப கரன்ட்டா?" என்றது எட்டாம் நம்பர், அலுத்துப்போன குரலில். "தலை துவட்டற நேரத்துலயா?"

இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் வராந்தாவில் ஆடி ஆடி வந்து ஏழாம் நம்பர் வாசலில் நின்றது. ஸ்வெட்டர்காரி. அவளுக்கு எப்படி நேராக இங்கே வரத் தெரிந்தது என்று கேட்கிற தெம்பு அவருக்கு இல்லை. நனைந்த பனியனோடு, கையில் குறடோடு, ஒரு செருப்பில் ஓட்டையோடு நின்றார். அவள் டார்ச்சை மேலிருந்து கீழே ஒரு தரம் ஓட்டினாள்.

"நான்... குழாய் சொட்டிச்சு," என்றார்.

"ஆமா சார். சொட்டும்."

"வீட்டுல மட்டும் எழுப்பிடாதீங்கம்மா. அவங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கு வண்டியைத் திருப்பிடுவாங்க. நான் இன்னும் என் பேத்தியைப் பாக்கலை." ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம், நடுராத்திரியில், ஈரப் பனியனோடு இப்படி மன்றாட வேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது.

"எழுப்ப மாட்டேன் சார். டீ போடட்டுமா?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்தவருக்கு இந்த டீ இன்னும் கூச்சமாக இருந்தது. "டீ வேணாம். ஃபியூஸ் பெட்டி எங்க இருக்கு?"

காட்டினாள். வராந்தாக் கோடியில், கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது பெட்டி. அதற்குக் கீழே சரியாக ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. ஏறி மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்த ஸ்பேனர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் எவனோ ஒரு கொண்டை ஊசியைச் செருகி வைத்திருந்தான்; அது கருகி இரண்டாக முறிந்திருந்தது.

"யாரும்மா பண்ணது இதை?"

"நான்தான் சார். போன மாசம்."

"லாட்ஜே எரிஞ்சிருக்கும்!"

"அதான் சார் நானும் பயந்துட்டே இருந்தேன்," என்று அவள் டார்ச்சை வாகாகப் பிடித்தாள்.

பெட்டியைத் துடைத்து, கருகிய வயர்களைச் சீவி, ஒவ்வொன்றுக்கும் சரியான கம்பி போட்டு முடிக்க மூன்று மணி ஆயிற்று. கம்பி எங்கே கிடைத்தது என்றால், அந்தப் பெண்ணே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுருள் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழாம் நம்பர் குளியலறை சுவிட்சை மட்டும் காயும்வரை துண்டித்து வைத்தார். மெயினைப் போட்டதும் பன்னிரண்டு வாசல் விளக்கும் ஒன்றாக எரிந்தன. எட்டாம் நம்பர் கதவு திறந்து, உலர்ந்த தலை ஒன்று எட்டிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போயிற்று.

இப்போது ஸ்பேனருக்கு நடக்கவே முடியவில்லை. கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாக அறைக்குள் வந்து, கட்டில் ஓரத்தில் மெல்ல, மிக மெல்ல உட்கார்ந்தார்.

கட்டில் கால் முறிந்தது.

கட்டில் அவர் பக்கமாகச் சரிந்தது. மனைவி உருண்டு வந்து நடுவில் நின்றாள். ஸ்பேனர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் என்னவோ முனகி, தலையணையைக் கட்டிக்கொண்டு, மறுபடி சீராக மூச்சு விட்டாள்.

அழுகை வரும்போல இருந்தது. இத்தனை நேரம் செய்ததெல்லாம் தெரியாமல் போனாலும் போகும். காலொடிந்த கட்டிலை எப்படி மறைப்பது? திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து நுழைந்தார். போன் வெளிச்சத்தில் பார்த்தார். கால் முறியவில்லை, நாலு திருகாணியில் மூன்று இல்லை. முதுகால் கட்டிலைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கால்களிலிருந்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி இதில் போட்டார். மேலே அவருடைய முப்பது வருட இல்லறம் தூங்கிக்கொண்டிருந்தது. எடை கொஞ்சம் கூடியிருப்பது தெரிந்தது, ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது.

கடைசித் திருகாணி இறுகியதும் போனைத் திருப்பினார். திரையில் பேத்தி, விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு தூங்கினாள்.

"உன் தாத்தன் ஒரு உருப்படாதவன்," என்று அவளிடம் சொன்னார். "ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி கையை வெச்சுட்டுச் சும்மா இருக்க முடியலை. உங்க வீட்டுல மூணு நாள் எப்படி இருக்கப்போறேன்?"

காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, வண்டியைத் திருப்பிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். முடிவு செய்த களைப்பில் அங்கேயே தூங்கிப்போனார்.

"என்னங்க?"

கண்ணைத் திறந்தார். கட்டில் விளிம்பிலிருந்து மனைவியின் முகம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விடிந்திருந்தது.

"அடியில என்ன பண்றீங்க?"

ராத்திரி எடுத்த முடிவு பகல் வெளிச்சத்தில் ஓடி ஒளிந்துகொண்டது. "இடுப்பு வலி," என்றார். "மெத்தை ஒத்துக்கலை. தரை சமமா இருந்துச்சு."

"நல்லாத் தூங்கினீங்களா?"

"பொணம் மாதிரி."

அவள் குளியலறைக்குப் போனாள். ஸ்பேனர் பாய்ந்து வெளியே வந்து, கருவிகளை அதே துணியில், அதே மாதிரி சுற்றி, மருந்துப் பையின் அடியில் வைத்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நேத்து இந்தக் குழாய் சொட்டின மாதிரி இருந்துச்சே?"

"தானா நின்னிருக்கும்."

"லைட்டு எரியலை."

"அதுவும் தானா நின்னிருக்கும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவள் அவருடைய காலைப் பார்த்தாள். "செருப்புல என்ன ஓட்டை?"

"எலி," என்றார் ஸ்பேனர்.

"நல்ல எலி. காம்பஸ் வெச்சு வட்டமா கடிச்சிருக்கு," என்றாள். அவருடைய கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை கொப்புளித்திருந்தது, விரல்களை மடக்க முடியவில்லை. "நேத்து பூரா ஸ்டியரிங்கைப் பிடிச்சதுல கை ஓய்ஞ்சுபோச்சு பாருங்க. இன்னிக்கு நான் ஓட்டறேன். நீங்க சாவியைக் குடுத்துட்டு வாங்க."

அவளுடைய அந்தக் கனிவில் ஸ்பேனர் கூனிக் குறுகிப்போனார். பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். அவள் வண்டியில் ஏறிக்கொண்டே போனில் மகளிடம் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமாம்மா, மத்தியானம் வந்துடுவோம்... அப்பாவா? தங்கமா இருக்கார்... அதெல்லாம் பயப்படாதே, உங்க வீடே ஒழுகினாலும் ஒரு விரலைத் தூக்க மாட்டார். நான் ஜாமீன்."

அது உண்மைதான் என்பது ஸ்பேனருக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தக் கையைக் கொண்டு இனி ஒரு வாரத்துக்கு எதையும் திருக முடியாது. திருகவும் ஆசையில்லை. சம்பந்தி வீட்டு மெஷின் விசில் அடிக்கட்டும், பாட்டே பாடட்டும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் குழந்தையை வைத்துக்கொண்டால் போதும். ஆனால் இப்படி நம்புகிறவளை ஏமாற்றிவிட்டோமே என்று நெஞ்சு குத்தியது.

வரவேற்பு மேசையில் ஸ்வெட்டர்காரி டீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பேனர் சாவியை வைத்தார்.

"அம்மா, ராத்திரி நடந்தது எதுவும்..."

"என்ன சார் நடந்துச்சு?" என்றாள் அவள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிம்மா. கட்டில்ல மூணு திருகாணி மத்தக் கால்லேருந்து எடுத்துப் போட்டிருக்கேன், புதுசு வாங்கிப் போட்டுடுங்க. கொண்டை ஊசியை மட்டும் இனிமே எதுலயும் செருகாதீங்க."

"சரிங்க சார்." அவள் நோட்டைத் திறந்து பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை திரும்பறப்போ உங்களுக்கு பதினொண்ணாம் நம்பர் எழுதியிருக்கு."

"பதினொண்ணா? அதுல என்ன?"

"மேல ஃபேன் கொஞ்சம் ஆடும். ஜன்னல் மூடாது. பாத்ரூம் கதவு, சாத்தினா திறக்காது."

ஸ்பேனர் பதறிப்போனார். "அது எதுக்கும்மா? ஏழையே குடுங்களேன், அதுதான் இப்ப ஒழுங்கா இருக்கு."

"ஒழுங்கான ரூம் வேணவே வேணாம்னு அம்மா போன வாரமே போன்ல சொல்லிட்டாங்க சார்," என்றாள் அவள், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு. "போறப்போ ஒண்ணு, வர்றப்போ ஒண்ணு, இருக்கறதுலயே எது ரொம்ப ரிப்பேரோ அதைத்தான் கேட்டாங்க."